இருட்டு யார் கண்ணில்?

செத்துப்போன காலத்துக்குக் கெட்ட பெயர் வைப்பது மிகவும் சௌகரியமான காரியம். அது எழுந்து வந்து மானநஷ்ட வழக்குப் போடாது.

ஐரோப்பாவில் மேற்கு ரோம சாம்ராஜ்யம் கி.பி. 476இல் விழுந்தது முதல் சுமார் 1000 வரையிலான ஐந்நூறு ஆண்டுகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. 'இருண்ட காலம்' என்று நாமகரணம் செய்து மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கைவிட்டு வெகுநாளாயிற்று. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம்தான் விடமாட்டேன் என்கிறோம். அது போதாதென்று அதே சொல்லை இறக்குமதி செய்து, நம் களப்பிரர் காலத்தின் நெற்றியிலும் ஒட்டியிருக்கிறோம்.

இந்தப் பெயர் அநியாயமானது என்பது என் கட்சி.

முதலில் இதை வைத்தவர் யார் என்று பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவி. அவருக்குப் பழைய ரோமாபுரியின்மேல் தீராத மோகம். ரோமாபுரியின் பெருமை மறைந்த பிறகு வந்ததெல்லாம் அவர் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தது. காதலி இல்லாத ஊர் காதலனுக்கு இருட்டாகத்தான் இருக்கும். கவி அப்படிப் பேசலாம். பின்னால் வந்தவர்கள் அந்தப் பேச்சைச் சரித்திரமாக்கிவிட்டதுதான் கோளாறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க்கின் வழிவந்த பண்டிதர்கள், பழைய ரோமானியர்களைப் போலவே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மடாலயங்களில் கிடந்த பழம் பிரதிகளை எடுத்துப் பார்த்தார்கள். உருண்டு திரண்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல், தெளிவான எழுத்து. 'ஆஹா, இதுவல்லவோ ரோமாபுரியின் கையெழுத்து!' என்று அதைப் பார்த்தே எழுதிப் பழகினார்கள். அச்சு யந்திரம் வந்ததும் அந்த வடிவத்தையே அச்செழுத்தாக வார்த்தார்கள். இன்று ஆங்கிலப் புத்தகங்களில் நாம் வாசிக்கும் சின்ன எழுத்துக்களின் வம்சம் இதுதான். ஆனால் அந்தக் கையெழுத்து ரோமானியர்களுடையது அல்ல. கி.பி. 800ஐ ஒட்டி, சார்லமேன் சக்கரவர்த்தியின் காலத்தில், மடாலயத் துறவிகள் உருவாக்கியது. எந்தக் காலத்தை இருட்டு என்றார்களோ, அந்தக் காலத்தின் எழுத்திலேயே அதை எழுதினார்கள்!

எழுத்து மட்டுமா? இந்தக் கட்டுரையில் நான் குறிக்கும் ஆண்டுகளும் அந்த இருட்டிலிருந்து வந்தவையே. கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் முறையை 525இல் வகுத்தவர் டயோனீசியஸ் என்ற துறவி. 731இல் இங்கிலாந்தின் சரித்திரத்தை அந்தக் கணக்கிலேயே எழுதி முடித்து, அதைப் பரப்பியவர் ஜாரோ மடாலயத்தைச் சேர்ந்த பீட். இவரே 725இல் எழுதிய கால கணித நூலில், பூமி பந்துபோல் உருண்டை என்றும், கடலின் ஏற்றவற்றம் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு நேரத்தில் நிகழும் என்றும் விளக்கினார். காட்டுமிராண்டி செய்கிற காரியமா இது?

அதே ஜாரோவிலும், அதன் இரட்டை மடாலயமான வேர்மவுத்திலும் ஒரு பைபிள் எழுதப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தோல் ஏடுகள். எடை சுமார் 34 கிலோ. எத்தனை கன்றுகளின் தோல், எத்தனை கைகளின் உழைப்பு! 716இல் எழுபது வயது தாண்டிய மடாதிபதி சியோல்ஃப்ரித் அதைப் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு ரோமாபுரிக்குப் புறப்பட்டார். வழியிலேயே, பிரான்ஸ் தேசத்து லாங்க்ர் என்ற ஊரில் காலமானார். புத்தகம் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு யாரோ ஒருவர் முதல் ஏட்டில் இருந்த அவர் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயரை எழுதிவிட்டார். 1880களில் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடிக்கும் வரையில், இவ்வளவு அழகான புத்தகம் இத்தாலிய வேலைதான் என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வடக்கே, குளிரும் பனியுமான ஒரு மூலையில் இப்படி ஒன்று பிறந்திருக்கும் என்று யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. 'இருட்டு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், கையில் விளக்கைக் கொடுத்தாலும் வேறு யாருடையதோ என்றுதான் தோன்றும்.

'மதப் புத்தகம்தானே, துறவிகள் வேறு எதைச் செய்தார்கள்?' என்று கேட்கும் பகுத்தறிவு நண்பர்களுக்கு லுக்ரீஷியஸைக் காட்டுகிறேன். தெய்வங்கள் மனிதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை, உடம்போடு ஆத்மாவும் அழிந்துவிடும் என்று பாடிய ரோமானியக் கவி அவர். அவருடைய காவியம் நமக்குக் கிடைத்தது 9ஆம் நூற்றாண்டில் மடாலய நாகரிகம் எடுத்துவைத்த பிரதிகளால். அவற்றில் ஒன்றை வரி வரியாகப் படித்துப் பிழை திருத்தியவர் டுங்கால் என்ற ஐரிஷ் துறவி. தன் மதத்துக்கு அடியோடு விரோதமான ஒரு நூலை எரிக்காமல், எழுத்துப் பிழை திருத்தி வைத்த மனிதரின் காலம் இருண்ட காலமா? சீஸரின் யுத்தக் குறிப்புகளுக்கும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதிகள் அந்த நூற்றாண்டைச் சேர்ந்தவைதாம். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேன் வம்சத்தாரின் ராஜ்யத்தில் எழுதப்பட்டவற்றில் 7,000க்கு மேற்பட்ட பிரதிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

அதற்காக அது பொற்காலம் என்று பல்லக்குத் தூக்க நான் வரவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலர். 782இல், வெர்டன் என்ற இடத்தில், ஒரே நாளில் 4,500 சாக்சன் கைதிகளின் தலையை வெட்டச் சொன்னார் சார்லமேன் என்று அவருடைய அரசவைக் குறிப்பேடே எழுதி வைத்திருக்கிறது. யார்க் நகரத்துப் பண்டிதர் அல்குவின் அவருடைய சபைக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டை ஒட்டித்தான். பள்ளிக்கூடங்கள் அமைத்துப் பையன்களுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்று 789இல் ஆணையிட்டவரும் அதே சார்லமேன்தான். தலையணையடியில் மெழுகுப் பலகை வைத்துக்கொண்டு, வயதான காலத்தில் எழுதப் பழகித் தோற்றவரும் அவரே. ஒரே மனிதருக்குள் கொலைகாரனும் மாணவனும் குடியிருந்தார்கள். ஆனால் பலவந்தமாக ஞானஸ்நானம் செய்வித்தால் விசுவாசம் வந்துவிடாது என்று அந்தச் சக்கரவர்த்தியின் ஆட்களுக்கு 796இல் கடிதம் எழுத ஒரு அல்குவின் இருந்தார். கொலைகாரர்கள் இல்லாத நூற்றாண்டு எது? அல்குவின்கள் இருந்தார்களா என்பதல்லவா கேள்வி?

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவள் டுவோடா. அவள் துறவி அல்ல. தென் பிரான்ஸில் வாழ்ந்த ஒரு பிரபுவின் மனைவி. மூத்த மகன் வில்லியத்தை அரசனிடம் பிணையாக அனுப்பிவிட்டான் கணவன். இரண்டாவது குழந்தையையும், பெயர் வைப்பதற்கு முன்பே, அவளிடமிருந்து வாங்கிப் போய்விட்டான். தன் குழந்தையின் பெயர் இன்னதென்று தெரியாமலேயே அந்தத் தாய் 841இல் எழுத உட்கார்ந்தாள், 843இல் முடித்தாள். வில்லியம் எப்படி வாழ வேண்டும், யாருக்காகப் பிரார்த்திக்க வேண்டும், தான் பட்ட கடன்களை எப்படி அடைக்க வேண்டும் என்றெல்லாம் லத்தீனில் ஒரு முழுப் புத்தகம். தம்பி பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டதும் அவனுக்கும் இதைக் காட்டு என்று சொல்கிறாள். 844இல் கணவன் தலை உருண்டது. சில ஆண்டுகளில் வில்லியமும் கொல்லப்பட்டான். புத்தகம் பிழைத்தது. எவனோ பெயர் தெரியாத ஒருவன் அதைப் பிரதி எடுத்து வைத்ததால் பிழைத்தது.

என் கோபமெல்லாம் அந்தப் பெயர் தெரியாதவனுக்காகத்தான். படைத்தவனுக்குச் சிலை வைக்கிறோம். வென்றவனுக்கு வீதிக்குப் பெயர் வைக்கிறோம். குளிரில் விரல் விறைக்க, கண் மங்க, பிறர் எழுதியதை உட்கார்ந்து எழுதிக் காப்பாற்றியவனுடைய காலத்துக்கு மட்டும் 'இருட்டு' என்று பெயர். எழுதிப் பிழைக்கிற நானே இதைச் சகித்துக்கொண்டால், அதைவிட நன்றிகெட்டதனம் வேறில்லை.

அந்தப் பெயரை விட மனமில்லாதவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் காலத்திடமிருந்து வாங்கிய எழுத்தையும், ஆண்டுக் கணக்கையும், லுக்ரீஷியஸையும், சீஸரையும் முதலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு, எந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு அதை இருட்டு என்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.