கசப்பைச் சொல்லும் எலி

குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் கொடுத்த மருந்தைப் பாலாடையில் விட்டுப் புகட்டுகிறீர்கள். பாதி உள்ளே போகிறது. பாதி உங்கள் புடவைத் தலைப்பில்! "இந்த மருந்தைச் செய்தவர் ஒரு தடவை வாயில் விட்டுப் பார்த்திருந்தால் தெரியும்" என்று கோபம் வருகிறது அல்லவா?

வாயில் விட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் இருக்கிறார்கள். மருந்தை நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, எவ்வளவு கசப்பு என்று மதிப்பெண் போடுவார்கள். ஆனால் புத்தம் புதிய மருந்து உடம்பை என்ன செய்யும் என்று தெரியுமுன், அதை யார் நாக்கில் வைப்பது?

இங்கேதான் எலியார் வருகிறார். சீனாவில் ஹாங்சௌ நகரத்துச் சேஜியாங் பல்கலைக் கழக விஞ்ஞானிகள், எலியின் மூளையில் சுவையறியும் பகுதியில் மயிரிழை போன்ற கம்பிகளைப் பொருத்தினார்கள். நாக்கில் சொட்டு விழுந்ததும் மூளையில் மின்துடிப்புகள் எழுகின்றன. உப்புக்கு ஒரு விதம், கசப்புக்கு வேறொரு விதம். கம்ப்யூட்டர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, "இது கசப்பு" என்று சொல்லிவிடுகிறது! கடுங்கசப்புக்குப் பேர்போன டெனடோனியத்தை மிகமிகச் சொற்ப அளவிலும் கண்டுகொள்ள முடிந்தது என்று 2016-ல் அவர்கள் எழுதினார்கள்.

இந்த வித்தைக்கு வயது அதிகம். 1941-லேயே கார்ல் பாஃப்மன் என்ற அமெரிக்கர், பூனையின் நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றின் துடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறார்.

இனிப்பு எங்கே என்கிறீர்களா? பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை அறியும் உறுப்பை அமைப்பதற்கான மரபணுக்களில் ஒன்று அதற்குப் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று, 2005-ல் அமெரிக்காவில் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டுப் பூனை பாயசத்தை நக்கினால், அது பாலுக்காகத்தான், சர்க்கரைக்காக அல்ல.

ஆகவே, பிராணிக்குப் பிராணி நாக்கு வேறு. நமக்குக் கசப்பவை பலவும் எலிக்கும் கசக்கும் என்பதால்தான் அதனிடம் யோசனை கேட்கிறார்கள். அப்படியும் முடிவான தீர்ப்பை மனித நாக்குத்தான் சொல்ல வேண்டும். எலி செய்வது முதல் சோதனை, ஆபத்தான சோதனை.

அந்த ஆபத்தை அது விரும்பி ஏற்கவில்லை. மண்டையைத் திறந்து கம்பி வைக்க அதனிடம் யாரும் சம்மதம் கேட்டதுமில்லை. நம் குழந்தை முகம் சுளிக்காமல் மருந்து குடிக்கும் நாள் வந்தால், அதற்கு முன்னால் எங்கோ ஓர் எலி முகம் சுளித்திருக்கும். அதையும் கொஞ்சம் நினைத்துக் கொள்வோமே!