ஏறுபவருக்கும் பிளானில் இடம் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் நடந்தால் ஒழுங்கைக்கு ஒரு மேல்மாடியாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். அதனால் சுவரைப் பார்க்க முன்னர், அதில் ஏறி நிற்கும் ஆளைத்தான் பார்ப்பேன். யன்னலுக்கு மேல் நீட்டிய ஒன்றரை அடிக் கொங்கிறீற் தட்டில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் சுவர் விளிம்பைப் பிடித்தபடி மறுகையால் பூசிக்கொண்டிருக்கிறார் இளம் மேசன் ஒருவர். இடுப்பில் கயிறு இல்லை. இருந்தாலும் அதைக் கொளுவ அந்தக் கட்டடத்தில் ஓரிடம் இல்லை.

அவர் விழுந்தால் "கவனமில்லாமல் நிண்டவர்" என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தட்டின் அகலத்தை அவரா தீர்மானித்தார்? தண்ணீர்த் தாங்கியைப் படியே போகாத கூரை மூலையில் வைத்ததும், பல்கனியை மின்கம்பிப் பக்கம் நீட்டியதும் அத்திவாரம் வெட்ட முன்னரே கடதாசியில் முடிவானவை.

அதே கடதாசியில் வேறு விதமாகவும் முடிவெடுக்கலாம். மேல் பிளாற்றின் கைப்பிடிச் சுவரை இரண்டடியில் நிறுத்தாமல் மூன்றரை அடிக்கு உயர்த்தி, கொங்கிறீற் இறுகிய கையோடு கட்டும்படி பிளானிலேயே எழுதலாம். கட்டுபவரை மட்டுமல்ல, பத்து வருடம் கழித்துத் தாங்கி கழுவ ஏறுபவரையும் அது காக்கும். படியைக் கடைசிக்கு விடாமல் முதலில் வார்த்தால், சீமெந்துச் சட்டியோடு ஏணியில் ஏறும் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகும். பொறியியலாளர் கணக்குப் பார்த்துக் காட்டும் இடங்களில் பீமுக்குள் இரும்புக் கொளுக்கி புதைத்தால் பாதுகாப்புப் பட்டியை மாட்ட இடம் கிடைக்கும்.

பிறகு ஏன் நடப்பதில்லை? நாங்கள் வீடு கட்டும் முறையைப் பாருங்கள். காசு அனுப்பும் மகன் கனடாவில். சீமெந்து வாங்குபவர் இங்குள்ள தகப்பன். மேசன் நாட்கூலிக்கு வருகிறார். பிளான் வரைவது பிரதேச சபையின் முத்திரைக்காக. சதுர அடிக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி. மேசனோடு இருந்து, எங்கே சாரம் கட்டுவார், எந்தப் பக்கத்தால் கல் ஏற்றுவார் என்று கேட்கும் ஒரு மணித்தியாலத்துக்கு யாரும் காசு தருவதில்லை. பெரும்பாலும் அவரை நான் காண்பதே இல்லை.

சட்டமும் எங்களைக் கேட்பதில்லை. பிரித்தானியா 1994ஆம் ஆண்டின் கட்டட வேலை ஒழுங்குவிதிகளிலேயே வடிவமைப்பாளர் மீது இந்தப் பாதுகாப்புக் கடமையைச் சுமத்திவிட்டது; 2015இல் சாதாரண வீட்டுக்காரரின் கட்டட வேலையையும் அதற்குள் கொண்டுவந்தது. சிங்கப்பூரும் 2015இல் இதற்கென்றே விதி இயற்றியது. இலங்கையில் எங்களிடம் இருப்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமோ, ஆள் விழுந்த பிறகுதான் பேசும். வீட்டு வேலையில் முதலாளி யார்? தகப்பனா, கனடா மகனா, இரண்டு கையாட்களைக் கூட்டிவந்த மேசனா? விபத்தென்று வந்தால் மூவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

லண்டனில் கட்டட வேலை செய்யும் ஒருவர் இங்கே வீடு கட்டினார். அங்கே தலைக்கவசமும் பட்டியும் இல்லாமல் அவரை வாசலுக்குள் விடமாட்டார்கள். நான் வரைந்த கொளுக்கிகளை வீண்செலவு என்று வெட்டச் சொன்னார். "தம்பி, அங்கத்தைச் சட்டம் இங்க சரிவராது." அங்கே அவருடைய உயிருக்குள்ள மதிப்பு இங்கே திருநெல்வேலி மேசனின் உயிருக்கும் உண்டு என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார், கொளுக்கிகள் இரண்டு மட்டும் மிஞ்சின.

வீட்டுக்காரரின் மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டட விண்ணப்பத்தில் எல்லைக்கு எவ்வளவு விட்டிருக்கிறது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். சுண்ணக்கல் நிலத்தில் தண்ணீரைக் காக்க அவசியமான கேள்விகள். அவற்றோடு நல்லூர்ப் பிரதேச சபை இன்னும் மூன்றைக் கேட்கட்டும்: கூரைக்கு எப்படி ஏறுவது, பட்டியை எங்கே மாட்டுவது, மின்கம்பி எவ்வளவு தூரத்தில் போகிறது? பதில் எழுதாத பிளானுக்கு முத்திரை குத்தக் கூடாது, அது நான் வரைந்ததாக இருந்தாலும்.