கொடி யாருடையது?

ஆகஸ்டு 15 நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரே பேச்சு இரு குரலில் எழுகிறது. "நாடு பெற்ற விடுதலையைக் கொண்டாடாமல் இருப்பதா?" என்பார் ஒருவர். "கொண்டாட நமக்கென்ன கிடைத்தது?" என்பார் மற்றவர். தாயகத்துக் கட்சிப் பூசலும் கப்பலேறி வந்துவிட்டது. ஒரே தெருக்காரர்கள் தனித்தனி மேடை போடலாமா என்று கேட்கிறார்கள்.

இந்த மனக்குழப்பம் புதிதன்று. 1947இல் தந்தை பெரியார் அந்நாளைத் துக்கநாள் என்றார். வெள்ளையனிடமிருந்த அதிகாரம் பனியா – பார்ப்பனர் கைக்கு மாறுகிறதே தவிர, உழைக்கும் மக்களுக்கு விடிவு ஏது என்பது அவர் கேள்வி. அவருடைய தளபதி அண்ணாவோ, அந்நிய ஆட்சி அகல்வது மகிழ்ச்சிக்குரியதே என்று 'திராவிட நாடு' ஏட்டில் எழுதினார். இருவரில் எவரையாவது துரோகி என்று சொல்ல நமக்கு நாவெழுமா?

இந்தத் தீவின் மண்ணும் இதையே சொல்கிறது. 1943 டிசம்பர் 30இல் அன்றைய போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30இல், ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று கூறி ஜப்பானியப் படையினர் சுட்டுக் கொன்றனர். கொடி பறந்ததும் உண்மை. குருதி சிந்தியதும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

நம் குறைகளும் அப்படித்தான். இத்தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். ஆதிதிராவிடர் பட்டியல் என்று ஒன்றே இத்தீவுகளுக்கு இல்லை. சாதியின் பெயரால் ஊரில் பட்ட துன்பத்துக்கு இங்கே கணக்கே கிடையாது. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்து, கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்களை நினையுங்கள். இரு அரசுகள் ஆள்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டபோது அவர்கள் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

அப்படியானால் கொடியைப் புறக்கணிப்பதா? 1973 வரை சென்னைக் கோட்டையில் விடுதலை நாளன்று கொடியேற்றியவர் ஆளுநர். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே அந்த உரிமை வேண்டும் என்று கலைஞர் டில்லியிடம் வாதாடினார். 1974 ஆகஸ்டு 15 முதல் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் அது கிடைத்தது. விழாவைப் புறக்கணித்துப் பெற்றதன்று. கொடி எங்களுடையது என்று உரிமை கொண்டாடிப் பெற்றது! இங்கே இன்றும் கொடியேற்றுபவர் டில்லி அனுப்பும் துணைநிலை ஆளுநரே.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! ஒரே மேடை போடுவோம். கட்சிக் கொடிகள் அன்று வீட்டில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். அதே மேடையில் நம் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி, கையெழுத்திட்டு, நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுப்போம். வாழ்த்த வருகிறவர் வழக்குரைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.