சின்னமனூருக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும்

‘காக்கா’ என்பதற்குப் பதில் ‘தாத்தா’ என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து வீடே சிரிக்கும். நாக்கின் பின்பகுதி மேலெழும்பி ‘க’ பிறக்க வேண்டிய இடத்தில், நுனி பல்லைத் தொட்டுத் ‘த’ ஆகிவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளிடம் இது தானாகவே மறையும். மறையாத பிள்ளை அந்த மழலையோடே பள்ளிக்கு வருகிறது, சொல்வதைப் போலவே எழுதவும் செய்கிறது, வகுப்பில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வசம்பை உரசி நாக்கில் தடவுவதும், “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று ஆறுதல் சொல்வதும்தான் நம்மூர் வைத்தியம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மூன்றாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்கிறது. ஒலியைப் பிரித்துக் கேட்கவும் சொல்லவும் திணறும் பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம் மட்டும் போதாது. பேச்சு, மொழிப் பயிற்சியாளர் ஒருவர் பள்ளிக்கே வர வேண்டும். வட்டார வள மையம்தோறும் அதற்கொரு நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

“மாற்றுத்திறனாளிகளுக்குத்தான் சட்டமே இருக்கிறதே” என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் அதன் விளக்கத்தைப் படித்தால் ஏமாற்றமே. குரல்வளை அகற்றப்பட்டதாலோ மூளைப் பாதிப்பாலோ ஏற்படும் நிரந்தரக் குறைபாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. திக்கும் பிள்ளையும், ‘க’ வராத பிள்ளையும், வாக்கியம் கோக்கத் தெரியாத பிள்ளையும் பெரும்பாலும் அதற்குள் வரமாட்டார்கள். சான்றிதழ் இருந்தால்தான் உதவி என்று வைத்தால், சில மாதப் பயிற்சியில் சரியாகக்கூடிய பிள்ளைதான் முதலில் விடுபடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தச் சேவை நலத்துறையின் அடையாள அட்டையை நம்பியிராமல் பள்ளியைச் சார்ந்திருக்க வேண்டும் என்பேன். அமெரிக்கா 1975இல் இயற்றிய சிறப்புக் கல்விச் சட்டம் பேச்சுப் பயிற்சியைப் பள்ளியின் பொறுப்பாகவே ஆக்கியது.

மாவட்டத் தலைநகர் தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கையில் பள்ளியில் எதற்கு என்பது அடுத்த கேள்வி. செவித்திறனைச் சோதிக்கவும், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்தவும் மருத்துவமனைதான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி ஊசி போடுவதைப் போல ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. வாரம் ஓரிரு முறை, பல மாதம், இடையே வீட்டிலும் வகுப்பிலும் தினமும் பழக்கம். மலைமேல் இருக்கும் ஹைவேவிஸிலிருந்து சின்னமனூருக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்பால் தேனி. மணலாறு, இரவங்கலாறு தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை வாரம் இறங்கி வருவாள்? கீழே கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன்னே ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களின் நிலையும் இதுதான். மருத்துவ முகாமில் குறையைக் கண்டறிந்து சீட்டு எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவது எளிது.

வள மையத்துச் சிறப்பாசிரியர்களே பார்த்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு அலையும் அவர்களிடம் பார்வைக் குறைபாடு முதல் அறிவுத்திறன் குறைபாடு வரை ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. பேச்சு, கேட்பியல் என்பது நான்காண்டுத் தனிப்படிப்பு. மைசூரின் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் அறுபதுகளிலிருந்தே அதைக் கற்பிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் படிப்புக்குக் கூடுதல் வேலையும் இருக்கிறது. இங்கே வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு, தெலுங்கு பேசுவோர் உண்டு, மலையில் பளியர் பழங்குடியினர் உண்டு. தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு உண்மையிலேயே மொழிக் கோளாறா, இல்லை இரண்டாம் மொழியின் தொடக்கத் தயக்கமா என்பதை வீட்டு மொழியிலும் கேட்டுப் பார்த்தல்லவா சொல்ல முடியும்? அவசரப்பட்டுக் குறை என்று முத்திரை குத்துவது, குறையைக் காணாமல் விடுவதற்குக் குறைந்த தீங்கில்லை.

பட்டதாரிகள் மலைப்பக்கம் வரமாட்டார்கள் என்ற ஐயம் நியாயமானது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்கு யாரும் வரமாட்டார்கள்தான். நிரந்தரப் பதவி, பயணப்படி, மலைப்படி என்று கொடுத்துப் பார்க்காமலே ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதை ஏற்பதற்கில்லை. காணொளிவழிப் பயிற்சி இடைவாரங்களுக்கு உதவும், தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற நாள்களில். மற்றபடி வட்டாரத்துக்கு ஒருவர், பள்ளிகளுக்கு முறைவைத்த நாள்கள், பயிற்சியின்போது வகுப்பாசிரியரும் உடனிருக்கும் ஏற்பாடு: தொடங்குவதற்கு இவ்வளவு போதும். சின்னமனூர் வட்டாரத்தில் தொடங்கினால் மலையும் பள்ளத்தாக்கும் ஒரே பணியிடத்தில் சோதிக்கப்பட்டுவிடும்.