குறியீடு சொல்வது பாதிதான்

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இயந்திர விளக்கு எரிந்தால், ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் பார்க்கிறார்கள். உடனே, "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார்கள். இது பழுதைக் கண்டறிவதாகாது, வெறும் ஊகம் என்பதே என் கருத்து.

பி0171 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். 'பி' என்பது இயந்திரமும் கியர்பெட்டியும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்பதே இக்குறியீட்டின் பொருள். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயில் ஆக்சிஜன் மிஞ்சுவதைச் சென்சார் கண்டு சொன்னதும், காரின் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டியும் ஓர் எல்லைக்கு மேல் ஈடுகட்ட முடியாதபோது விளக்கு எரிகிறது.

சென்சார் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால், ரப்பர் குழாயில் வெடிப்பு ஏற்பட்டுக் காற்று கசிந்தாலும், பெட்ரோல் பம்பு பலவீனமானாலும் இதே குறியீடுதான் வரும். அப்போது புதிய சென்சாரும் பழைய செய்தியையே சொல்லும். பணம்தான் வீண்.

காரணத்தைப் பிரித்தறிய அறிகுறிகள் உதவும். கார் நிற்கும்போது குலுங்கி, வேகம் கூடியதும் சீரானால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். நிற்கும்போது இயந்திரம் இழுக்கும் காற்று குறைவு. அதனால் சிறிய கசிவும் பெரிதாகத் தெரியும். மேட்டில் ஏறும்போது திணறினால், பெட்ரோல் போதவில்லை என்று கருதலாம். பிறகு பெட்ரோலின் அழுத்தத்தை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களே, தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், பரிசோதனை எல்லாம் இதில் இருக்கின்றன. குறியீடு வெறும் உற்றறிதல். அங்கிருந்து நேரே முடிவுக்குத் தாவக்கூடாது. அவசரப்பட்டுக் குறியீட்டை அழிப்பதும் தவறு. பழுது தோன்றியபோது பதிவான இயந்திர வெப்பம், வேகம் போன்ற தகவல்களும் அதோடு அழிந்துவிடும்.

புதிய பாகத்துக்குத் தயங்காமல் பணம் தரும் நாம், சோதனைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அந்தப் பழக்கம் மாற வேண்டும். அடுத்த முறை வீட்டுக் காரில் அந்த விளக்கு எரிந்தால், கார் எப்போது, எப்படிக் குலுங்கியது என்று எழுதி வையுங்கள். பட்டறையில், "எந்தச் சோதனையில் இது தெரிந்தது, அண்ணே?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு விளக்குவார்.