முதல் நாள் ருசியை நம்பாதேங்கோ

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ புதுசா ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தால், அந்தக் கிழமையே பத்து ரீல்ஸ் வந்துவிடும். கலர் லைட், சுவர் நிறையப் படம், "வேற லெவல்" என்று ஒரு சத்தம். ஓசிச் சாப்பாட்டுக்குப் போடுற வீடியோவை விமர்சனம் என்று சொல்லாதேங்கோ, அது விளம்பரம். திறப்புவிழாவுக்கு எந்தக் கடையும் நல்லாத்தான் சமைக்கும். ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதே சாம்பார் அதே பதத்தில் வருகுதா என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணம் மலாயன் கபேயும் பம்பலப்பிட்டி சரஸ்வதி லொட்ஜும் இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பதில் சொல்லி வருகின்றன. பெரிய அலங்காரம் இல்லை. தோசை, வடை, மத்தியானச் சோறு என்று தெரிந்த சாப்பாடுதான். சனம் வந்துகொண்டே இருப்பதால் மாவும் கறியும் தேங்கிக் கிடக்காது. பீட்சாவில் இருந்து பிரியாணி வரை நூறு பெயர் எழுதின மெனுவில் எத்தனை, குளிர்பெட்டியில் இருந்து எழும்பி வருகுது?

ருசி சமைக்கிற ஆளின்ர கையில் இருக்கு. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஆள் மாறினால் ருசியும் மாறும். சம்பளமும் லீவும் ஒழுங்காக இருந்தால்தான் ஆள் நிற்கும். கொழும்பில் பில்லின் அடியில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் போடுறார்கள். அது தட்டுத் தூக்குற பெடியனின்ர கைக்குப் போகுதா? காசு கட்டுற நாங்கள் கேட்கவேணும்.

எங்கட விமர்சனங்கள் தொடாத இன்னொன்றும் இருக்கு. சாப்பாடு மட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதாது, வாற ஆட்களையும் ஒரே மாதிரி நடத்தவேணும். 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பேணி, தனி இடம் என்றிருந்த கடைகளுக்குள் சனம் போய், சமமாக இருந்து தேத்தண்ணி கேட்டது. அதுக்காக அடியும் வாங்கியது. இன்றைக்குத் தனிப் பேணி வைக்க ஏலாது. ஆனால் காரில் வாறவருக்கு "வாங்கோ சேர்", வேலை உடுப்போடு வாறவருக்கு முறைப்பும் மூலை மேசையும். ஏசி போட்டாலும் இது பழைய வியாதிதான்.

அடுத்தமுறை ஒரு கடையைப் பற்றி எழுத முதல் மூன்று தரம் போங்கோ. காசு குடுத்துச் சாப்பிடுங்கோ. பக்கத்து மேசைக்காரரை எப்படி நடத்துகினம் என்று பாருங்கோ. பிறகு நட்சத்திரம் போடலாம்.