சாவித்துவாரத்தில் ஒரு காது

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை வாசித்து முடித்தேன். மாமா தந்த பழைய ஆங்கிலப் பிரதி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்ததால் ஒரு மாதம் பிடித்தது. 1949இல் வெளிவந்த அந்த நூலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது 'பெரியண்ணன்' என்ற தலைவனையும் வீடுகளின் சுவரில் பொருத்தப்பட்ட தொலைத்திரையையும்தான். அந்தத் திரையை மனிதர் பார்ப்பதுபோல, திரையும் மனிதரைப் பார்க்கும். அதன் பார்வை படாத ஒரு மூலைக்குள் ஒடுங்கியிருந்துதான் வின்ஸ்டன் தன் நாட்குறிப்பை எழுதத் தொடங்குகிறான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் திரையல்ல, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. வின்ஸ்டனின் அயல்வீட்டுக்காரர் பார்சன்ஸ், கட்சிக்கு விசுவாசமான, எதையும் அதிகம் யோசிக்காத ஒரு மனிதர். ஒருநாள் தூக்கத்தில் தலைவனுக்கு எதிராக ஏதோ உளறிவிடுகிறார். சாவித்துவாரத்தில் காதை வைத்துக் கேட்ட அவரது மகள் போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். சிறைக்குள் இருக்கும்போதும் அந்தத் தகப்பன் மகளைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை வாசித்தேன்.

கண்காணிப்பு என்றதும் நாம் கமராவை நினைக்கிறோம், அரசாங்கத்தை நினைக்கிறோம். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. பக்கத்து வீட்டுக்காரரும் கணவனும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினால்தான் ஒரு சர்வாதிகாரம் முழுமையடைகிறது. கிழக்கு ஜேர்மனியில் நடந்தது அதுதான். 'ஸ்டாசி' என்று அழைக்கப்பட்ட அந்நாட்டு இரகசியப் பொலிஸில் 1989இல் சுமார் 91,000 பேர் முழுநேர ஊழியர்களாக இருந்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டுக்கு அது போதாது என்று, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்களையும் தகவல் கொடுப்பவர்களாக வைத்திருந்தார்கள். அவர்கள் சேர்த்த கோப்புகளை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீற்றரையும் தாண்டும். மோப்ப நாய்களுக்காக மனிதர்களின் வியர்வை வாடையைக்கூடக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து வைத்தார்கள்!

1992இல் மக்கள் தங்களைப் பற்றிய கோப்புகளைத் தாங்களே வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அரசை எதிர்த்து இயங்கிய ஒரு பெண் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர் யாரென்று தேடிப் பார்த்தார். அது அவருடைய கணவர். சாப்பாட்டு மேசையில் பேசியதெல்லாம் கோப்புக்குள் இருந்தது. ஓர்வெல்லின் சிறுமியைக் கற்பனை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

இன்று போத்தலும் கோப்பும் தேவையில்லை. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்களைக் கண்காணிக்கப் பொலிஸார் பயன்படுத்திய ஒரு கைப்பேசிச் செயலியை மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. சந்தேகத்துக்குரியவை என்று அந்தச் செயலி கருதியவற்றில் சிலவற்றைக் கேளுங்கள்: அளவுக்கு மேல் மின்சாரம் பாவிப்பது, அயலவர்களோடு பழகாமல் இருப்பது, வீட்டு முன்வாசலை அதிகம் பாவிக்காமல் இருப்பது. எங்கள் வீட்டில் எல்லோரும் குசினிக் கதவால்தான் போய்வருகிறோம். அங்கே பிறந்திருந்தால் அதுவே ஒரு குறிப்பாகப் பதிவாகியிருக்கும்.

நம் நாட்டிலும் ஒரு காலம் வந்தது. 2019 ஏப்ரலில் எனக்குப் பதினொரு வயது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோன அந்த நாட்களில் சோதனைகள் நடந்ததை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் இரவு வாப்பா அலுமாரியைத் திறந்து புத்தகங்களைத் தரம் பிரித்தார். அரபு எழுத்து உள்ளதெல்லாம் ஒரு பக்கம். அதில் மூத்தம்மாவின் பழைய கிதாபும் ஒன்று. அரபு எழுத்தில் அச்சிட்ட அரபுத்தமிழ் பைத்துகள்.

"மகன், அதுல இருக்கிறது தமிழ்தானே" என்றார் மூத்தம்மா.

"வாறவனுக்கு அது விளங்குமா உம்மா?" என்றார் வாப்பா.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கள் தமிழை நாங்களே புதைத்தோம், நாங்களே மண்ணை மூடினோம். பயம் வீட்டுக்குள் குடிவந்துவிட்டால் காவலாளி வெளியே நிற்கத் தேவையில்லை என்பதை நான் ஓர்வெல்லை வாசிக்குமுன்பே பார்த்துவிட்டேன். அடுத்த வருடம் மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானபோது காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று அவரது 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூல். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வாப்பா அந்தச் செய்தியை வாசித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கப்படுவது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்த நாம் என்ன செய்கிறோம்? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சென்ற வருடம் என்னோடு இரசாயனவியல் டியூஷனுக்கு வந்த தோழி ஒருத்தி, ஒரு பேக்கரி வாசலில் ஓர் இளைஞனோடு நின்று பேசினாள். யாரோ மறைந்து நின்று போட்டோ எடுத்தார்கள். மஃரிபுக்குள் அது ஊரின் வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றிவிட்டது. 'எங்கட பிள்ளைகள் போற போக்கு' என்று கீழே ஒரு வரி. அந்த இளைஞன் அவளுடைய சொந்த நானா. விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்தவர். உண்மை தெரிந்த பிறகு அதை அனுப்பியவர்களில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. இப்போது வருகிறாள், கடைசி வாங்கில் இருக்கிறாள். அவன் நானாவாக இல்லாதிருந்தாலும் அந்தப் போட்டோவை எடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து.

சூரா ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் சந்தேகத்தைத் தடுக்கிறது, அடுத்துத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது, அடுத்துப் புறம்பேசுவதைத் தடுக்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். அந்தப் போட்டோ போன வழியும் அதுதான்: முதலில் சந்தேகம், பிறகு கமரா, பிறகு குழுமம். கலீபா உமர் (ரழி) அவர்கள் சுவரேறிக் குதித்து ஒருவர் வீட்டுக்குள் பாவம் நடப்பதைக் கண்ட சம்பவம் பயான்களில் சொல்லப்படுவதுண்டு. நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று என்று அந்த மனிதர் சொன்னாராம்: துருவிப் பார்த்தீர்கள், வாசலால் வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை. நாட்டின் ஆட்சியாளர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போனார். பேக்கரி வாசலில் நின்றவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

"தப்புச் செய்யாதவளுக்கு என்ன பயம்? எப்படியும் மலக்குமார் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்" என்று வகுப்பில் ஒருத்தி வாதிட்டாள். நல்ல கேள்வி. ஆனால் மலக்குமார் எழுதுவதை முந்நூறு பேருக்குப் பகிர்வதில்லை. அவர்கள் அரைவாசியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து எழுதுவதுமில்லை. பார்ப்பவன் எல்லாம் அறிந்தவனாகவும் மன்னிப்பவனாகவும் இருப்பது வேறு. போன் வைத்திருக்கும் எல்லோரும் அந்த இடத்தில் தங்களை நிறுத்திக்கொள்வது வேறு.

இதை வாசிக்கும் பெற்றோர் கோபப்படக்கூடும். பிள்ளைகளைக் கவனிக்கவே கூடாதா என்று. பஸ் பிந்தினால் என் உம்மா ஆறேகாலுக்கு அழைப்பார், ஆறரைக்கு மறுபடி அழைப்பார். எரிச்சல் வரும், ஆனால் அதை நான் கண்காணிப்பு என்று சொல்லமாட்டேன். உம்மா என்னிடமே கேட்கிறார், என் பதிலைக் கேட்கக் காத்திருக்கிறார். குழுமத்தில் என் தோழியிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சென்ற மாதம் உம்மாவின் போனுக்கு இன்னொரு போட்டோ வந்தது. பஸ் தரிப்பிடத்தில் வேறு பாடசாலைப் பிள்ளை ஒருத்தி, முகம் தெளிவாக. உம்மா அழித்துவிட்டார். "அழிச்சா மட்டும் போதுமா உம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குழுமத்தில் எழுதினார்: 'யாருடையவோ பிள்ளை. தயவுசெய்து எல்லோரும் அழித்துவிடுங்கள்.'

இரண்டு பேர் பெருவிரலை உயர்த்தினார்கள். பத்து நிமிடத்தில் மூன்றாவது பதில் வந்தது.

'ஏன், உங்கட மகளா?'